கைராசி

பாப்பாவுக்குத் தலை நரைத்து, மூட்டுவலி வந்து, ஓய்வு பெறும் வயதும் நெருங்கிவிட்டது. ஆனாலும் அண்ணன் வீட்டு வாசலில் கால் வைத்துவிட்டால் அவள் பாப்பாதான். எந்த மலையில் என்ன கல் கிடக்கிறது, தோண்டினால் தேறுமா தேறாதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவள் உதட்டைப் பிதுக்கினால் பெரிய பெரிய கம்பெனிகளே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். அவள் சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளாத ஒரே மனிதர் கூடப்பிறந்த அண்ணன்தான்.

அண்ணனுக்கு ஊரில் மலைக்காரர் என்று பெயர். கல்யாணமான கையோடு, புல்கூட ஒழுங்காக முளைக்காத ஒரு மலைச்சரிவை வாங்கிப் போட்டார். சரிவின் நடுவில் ஒரு வெள்ளைக்கல் ரேகை குறுக்காக ஓடுகிறது. அதில் தங்கம் இருக்கிறது என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். அப்போதுதான் படிப்பை முடித்திருந்த பாப்பா நேரில் போய்ப் பார்த்தாள். சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினாள். "அண்ணா, இது வெறும் கல்லு. இதுல நார்தான் உரிக்கலாம்" என்றாள். சின்ன வயது, வாய் கொஞ்சம் நீளம்.

அடுத்த முறை வந்தபோது அண்ணன் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை அவள் முன்னால் டக்கென்று வைத்தார். அடியில் மஞ்சளாக ஒரு சிட்டிகைத் தூள். ரேகையில் உடைத்த கல்லை இடித்து, சலித்து, தண்ணீரில் அலசி எடுத்தது. பாப்பா விரலில் தொட்டுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, தங்கம். "படிச்ச படிப்பை எங்க கொண்டுபோய் வைக்கப்போற?" என்று அண்ணன் சிரித்தார். அண்ணியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பாப்பாவுக்கு முகம் செத்துப்போய்விட்டது. தப்புத்தான் அண்ணா என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு மூடிய வாயை அந்த மலை விஷயத்தில் அதன்பின் அவள் திறக்கவே இல்லை.

அண்ணன் அப்போது பிடித்த உளியைக் கீழே வைக்கவில்லை. தன் கையாலேயே மலைக்குள் ஒரு சுரங்கம் குடைந்தார். வெளியாள் யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. கம்பெனிக்காரர்கள் மோப்பம் பிடித்து வந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம். குப்பியில் வருஷத்துக்கு ஒரு பொட்டு ஏறியது. இது வெறும் ஓரம், உள்ளே போகப் போகக் கெட்டியாக இருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. தங்கம் குப்பிக்குள் ஏறிய அதே வேகத்தில் கல்தூசி அவர் நெஞ்சுக்குள் ஏறியது. அதை எடைபோட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது அவர் ஜன்னலோரக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். நுரையீரல் கல்லாகிவிட்டது, இனி சரியாகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதன்பிறகுதான் அண்ணனே தங்கைக்குப் போன் செய்தார்.

"பாப்பா, உன் கம்பெனி முறைப்படி ஒரு தடவை மாதிரி எடுத்துப் பாத்துடு. இருக்குன்னு உன் வாயால சொல்லிட்டா நான் நிம்மதியாக் கண்ணை மூடுவேன். தம்பி மிச்சத்தைப் பாத்துப்பான்."

தம்பி என்றது அவர் மகனை. வண்டி பழுது பார்க்கும் பட்டறையில் நல்ல பேர் எடுத்தவன். இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று பட்டறை முதலாளியிடம் சொல்லிவிட்டு, கல்லைத் துளைக்கும் மெஷின் ஒன்றைப் பேசி வைத்திருந்தான். பாப்பா வந்து இறங்கியதுமே அந்த மெஷினைப் பற்றித்தான் பேசினான். பேச்சுக்கு நடுவில் ஒருமுறை இருமினான். அது வெறும் சளியாகவும் இருக்கலாம். ஆனால் பாப்பாவின் காதில் அது அண்ணனின் இருமலாகத்தான் விழுந்தது.

மறுநாள் காலையில் அண்ணனைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாப்பா, அண்ணி, அண்ணன் மகன் மூன்று பேரும் மலை ஏறினார்கள். சுரங்க வாசலில் குனிந்து உள்ளே போனதும் பாப்பா அசந்து நின்றுவிட்டாள். ஒற்றை ஆள் செய்த வேலை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சுவரெல்லாம் உளி பட்ட தழும்பு. மேற்கூரைக்கு முட்டுக் கொடுத்திருந்த மரங்கள்கூட இழைத்து வைத்தமாதிரி ஒழுங்காக நின்றன. வெள்ளைக்கல் ரேகை பக்கச்சுவரில் ஒரு முழ அகலத்துக்கு நெடுக ஓடி, கடைசியில் இருட்டுக்குள் போயிற்று. இந்த மனுஷன் இவ்வளவு உழைப்பை எதில் போட்டிருந்தாலும் தேறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

மாதிரி எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. ரேகையின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை ஒரே அகலத்தில், ஒரே ஆழத்தில் வாய்க்கால்போல வெட்டிக்கொண்டு போக வேண்டும். பளபளக்கிற இடமாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. விழுகிற சில்லெல்லாம் கீழே பிடித்த துணியில் விழவேண்டும். அண்ணன் மகன் வெட்டினான், பாப்பா பையில் கட்டி எண் போட்டாள். அண்ணி, "துணியை நான் பிடிக்கிறேன், குடு" என்று முன்னால் வந்தாள்.

பாப்பா இத்தனை வருஷப் பழக்கத்தில், பார்க்காமலே சொன்னாள். "அண்ணி, மோதிரத்தைக் கழட்டிட்டு வாங்க."

"எதுக்கு?"

"தங்கம் தேடற இடத்துல கையில தங்கம் இருக்கக் கூடாது. கல்லுல உரசினா துளி ஒட்டிக்கும், கணக்கே மாறிடும். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு நாங்க சொல்லிக்குடுக்கற முதல் பாடமே இதுதான்."

அண்ணி கலகலவென்று சிரித்தாள். "அட போ பாப்பா! கல்யாணத்தன்னிக்குப் போட்ட மோதிரம், ஒரு நாள் கழட்டினதில்ல. இதோடதான் இத்தனை வருஷமா உங்கண்ணனுக்குச் சலிச்சுக் குடுத்தேன். தங்கம் வராமலா போச்சு?"

பாப்பா எண் போட்டுக்கொண்டிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"நீங்களா சலிச்சீங்க?"

"பின்னே? அவரு உடைச்சுக் கொண்டாந்து போடுவாரு. இடிக்கறதும் சலிக்கறதும் நான். அந்தப் பொடி சல்லடையில லேசுல இறங்காது. இப்படி உள்ளங்கையை வெச்சு அழுத்தி, அழுத்தித் தேய்க்கணும்." அண்ணி காற்றில் தேய்த்துக் காட்டினாள். "உங்கண்ணன் சொல்லுவாரு, உன் கைராசிதான் தங்கம் வருதுன்னு. நெசந்தான். இவன் பிறந்தப்ப நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தேன்ல, அப்ப அவரே சலிச்சாரு. ஒரு பொட்டுக்கூட வரல. நான் வந்து கை வெச்சப்புறம்தான் திரும்ப வந்துச்சு!"

அதைச் சொல்லும்போது அண்ணியின் முகத்தில் இருந்த பெருமையைப் பாப்பாவால் பார்க்க முடியவில்லை. கண் அவளையும் மீறி அந்த மோதிரத்துக்குப் போயிற்று. கல்யாணத்தின்போது பட்டையாக, பூ வேலை செய்து இருந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. கடைக்கு அவளும் கூடப் போயிருந்தாள். இப்போது உள்ளங்கைப் பக்கம் நூலாகத் தேய்ந்து கிடந்தது. பாத்திரம் துலக்கித் துலக்கித் தேய்ந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குப்பியைக் கேட்டு வாங்கி, பின்கட்டு வெளிச்சத்தில் ஒரு சிட்டிகையைக் கொட்டி, கழுத்தில் தொங்கும் லென்ஸைக் கண்ணில் வைத்தாள். மலையில் பிறந்த தங்கம் கரடுமுரடாக இருக்கும், ஓரத்தில் கல் ஒட்டியிருக்கும். இது சீவி எடுத்த சுருள். ஒவ்வொரு துணுக்கும் மெல்லிசாகச் சுருண்டு கிடந்தது. நகைக்குச் செம்பு கலப்பார்களே, அந்தச் சிவப்பு எல்லாத் துணுக்கிலும் ஒரேபோல இருந்தது.

அன்றைக்கு அண்ணன் குப்பியை நீட்டியபோதும் இந்த லென்ஸ் அவள் கழுத்தில்தான் தொங்கியது. தோற்றுப்போன வெட்கத்தில் எடுத்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பாப்பா துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மலையிலும் கொஞ்சமாவது இருந்துவிடக் கூடாதா என்று மாதிரிப் பைகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, லீவைப் போட்டுக்கொண்டு அங்கேயே தங்கினாள். அந்த நாட்களில் அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி, "முடிவு வந்ததும் உங்கண்ணன் எழுந்தே உக்காந்துடுவாரு பாரேன்" என்று சொல்லிச் சொல்லிக் கஞ்சி காய்ச்சினாள். ஒருநாள் காலையில் போன் வந்தது. ஒரு பையில்கூட ஒன்றுமில்லை. வேண்டுமானால் இன்னொரு முறை பார்க்கட்டுமா என்று ஆய்வுக்கூடத்துப் பையன் மரியாதையாகக் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

முதலில் அண்ணன் மகனை வாசலுக்குத் தனியாகக் கூப்பிட்டுப்போய் ஒரு பொய் சொல்லிப் பார்த்தாள்.

"ரேகை முடிஞ்சுபோச்சுடா. உங்கப்பா எடுத்ததோட சரி. நீ பட்டறையை விடாத."

"அதனால என்ன அத்தை? ரேகை ஒரு இடத்துல விட்டா இன்னொரு இடத்துல பிடிக்கும்னு அப்பா சொல்லுவாரே. மெஷின் இருக்கு. அவரு விட்ட இடத்துலேர்ந்து நான் போறேன்." அவன் கண்ணில் அப்பாவின் அதே பிடிவாதம். ஒற்றைக்காலில் நிற்கிற குடும்பம்.

தங்கம் ஒருகாலத்தில் இருந்தது என்று நம்புகிறவரைக்கும் இவன் அந்தப் பொந்துக்குள் போவான் என்பது பாப்பாவுக்குப் புரிந்துபோயிற்று. இருந்ததே இல்லை என்று சொன்னால்தான் நிற்பான். அதைச் சொன்னால் குப்பியில் இருப்பது என்ன என்று கேட்பான். அதற்குப் பதில் சமையலறையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தது.

அண்ணி கடைக்குப் போன நேரம் பார்த்துப் பாப்பா கட்டிலோரம் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் அந்த மலை தெரிந்தது.

"அவளுக்குத் தெரியுமா?" என்றார். முதல் கேள்வியே அதுதான்.

"தெரியாது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், பாப்பா நெஞ்சை நீவிவிட வேண்டியதாயிற்று. "அவ மோதிரத்தைத்தான் இவ்வளவு வருஷமா மலைக்குள்ள தோண்டியிருக்கேன்" என்றார் மூச்சு வந்ததும். கண்ணில் தண்ணீர் வழிந்தது. சிரித்ததாலா அழுததாலா என்று கேட்கிற நிலையில் பாப்பா இல்லை.

"அண்ணா, நான் அன்னிக்கே லென்ஸை வெச்சுப் பாத்திருக்கணும்."

"சும்மா இரு. நீ இல்லைன்னு சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்." மூக்கில் இருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார். "தம்பி உள்ள போகக் கூடாது. அதுக்கு உண்மையைச் சொல்லித்தான் ஆகணும். ஆனா அவ பேரு வரக் கூடாது பாப்பா. எனக்கும் ஒரு மோதிரம் இருந்துச்சுல்ல, தொலைஞ்சுபோச்சே, அதுன்னு சொல்லிடறேன். நான் முட்டாளாவே சாகறேன், அதுல ஒண்ணும் குறைஞ்சுபோயிடாது."

பாப்பா தலையாட்டினாள். அதைவிட நல்ல யோசனை அவளுக்கும் வரவில்லை.

சாயங்காலம் மகனையும் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, நல்ல சேதி கேட்கப்போகிற முகத்தோடு கட்டில் காலருகே உட்கார்ந்தாள். அண்ணன் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"தம்பி, மலையில ஒண்ணும் இல்ல. எப்பவுமே இல்ல. அத்தை பாத்துட்டா. குப்பியில இருக்கறது நகைத் தங்கம். என் மோதிரம்... சலிக்கும்போது சல்லடையில உரசி உதிர்ந்திருக்கு. நான்தான் கவனிக்கல. மெஷின் வேண்டாம்னு சொல்லிடு. பட்டறைக்குப் போ."

மகன் அப்பாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். மலையில் ஒன்றும் இல்லை என்பதை அவன் நம்பிவிட்டான் என்று பாப்பா உள்ளுக்குள் மூச்சு விட்டாள்.

"நீங்க எங்க சலிச்சீங்க?" என்றாள் அண்ணி.

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. உப்பு எங்கே வைத்தீர்கள் என்று கேட்பதைப்போலச் சாதாரணமாகத்தான் கேட்டாள். அண்ணன், "ஆரம்பத்துல..." என்று இழுத்தார்.

"ஆரம்பத்துலயும் நான்தாங்க சலிச்சேன். நீங்க சலிச்சது நான் எங்கம்மா வீட்ல இருந்தப்ப மட்டும்தானே? அப்பதான் ஒண்ணுமே..."

அந்த இடத்தில் அவள் பேச்சு நின்றது. அவள் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.   

"மோதிரத்தைக் கழட்டிட்டு வாங்கன்னு அன்னிக்கு நீ சொன்னியே பாப்பா, இதுக்குத்தானா?" என்றாள் அண்ணி.

 அண்ணி எழுந்து பின்கட்டுக்குப் போனாள். பாப்பா பின்னாலேயே ஓடினாள். அண்ணி தொட்டி ஓரமாக நின்று சோப்பைப் போட்டு அந்த மோதிரத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். விரல் கணு வீங்கிப்போன வயது. அது வருவதாக இல்லை. தோல் உரிந்து ரத்தம் கசிந்தபோது பாப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் நாளே கழட்டிட்டுச் சலிச்சிருந்தா அன்னிக்கே ஒண்ணும் வந்திருக்காது. அவரும் விட்டிருப்பாரு இல்ல?" என்று அண்ணி கேட்டாள்.

"இல்ல அண்ணி. அண்ணன் யார் பேச்சையும் கேக்கற ஆளா? அப்பவும் தோண்டித்தான் இருப்பாரு."

"மலையோட பேச்சைக் கேட்டிருப்பாரு" என்றாள் அண்ணி.

அதற்குமேல் அவள் அழவும் இல்லை, புலம்பவும் இல்லை. மறுநாளிலிருந்து எல்லாம் பழையபடிதான் நடந்தது: துணி மாற்றினாள், முகம் துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள். எல்லாவற்றையும் இடது கையால் செய்தாள். மோதிரக் கை முந்தானைக்குள்ளேயே இருந்தது. பழக்கமில்லாத கை, கஞ்சி அவர் தாடையில் வழியும். துடைத்துவிட்டு மறுபடி இடது கையாலேயே ஊட்டுவாள்.  அண்ணன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். மகன் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலைக்குப் போய், சுரங்க வாசலில் அப்பா உடைத்துப் போட்ட கல்லையே அடுக்கி அதை மூடிவிட்டு வந்தான்.

பாப்பாவுக்கு லீவு முடிந்தது. கிளம்புகிற அன்று காலையில் அண்ணனுக்கு மூச்சு மிகவும் மோசமாகிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மகனிடம் வாசலில் தணிந்த குரலில் பேசினார். பாப்பா பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

நண்பகல்போல அண்ணன் கண்ணைத் திறந்து, தண்ணீர் என்று உதட்டை அசைத்தார். அண்ணி டம்ளரை எடுத்து இடது கையால் நீட்டினாள். அவர் குடிக்கவில்லை. தலையை மெல்ல அசைத்தார்.

"என்னங்க? குடிங்க."

"அந்தக் கையால குடு" என்றார்.

அண்ணி மோதிரக் கையை முந்தானைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டாள்.  அவர் வாயை மூடிக்கொண்டு, சின்னப்பிள்ளை பிடிவாதம் பிடிப்பதைப்போல அவள் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கைராசியிலதான் நான் இவ்வளவு வருஷம் சந்தோஷமா இருந்தேன். குடு" என்றார்.

அண்ணி டம்ளரைக் கை மாற்றிக்கொண்டாள்.